எக்ஸ் கழிமுகச் சைக்கிள் பாதை: முதலில் படகைப் பிடியுங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், எக்ஸ் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டிச் சைக்கிள் பாதை ஒன்று போகிறது. கிழக்குக் கரையில் எக்ஸ்மத், மேற்குக் கரையில் டாலிஷ் வாரன். கவுண்டஸ் வியரில் ஆற்றைக் கடந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 26 கி.மீ. தேசிய சைக்கிள் வலையமைப்பின் 2ஆம் எண் பாதையில் இதுவும் ஒரு பகுதி. பெரும்பகுதி சமதளம், பாதிக்கு மேல் கார்களே கிடையாது. ஆனால் ஓதத்தையும் (கடல்நீர் ஏறி வற்றுவதையும்) படகையும் கணக்கில் கொள்ளாமல் புறப்பட்டால், வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு, கடைசிப் படகைத் தவறவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

எக்ஸ்மத்துக்கும் மேற்குக் கரையிலுள்ள ஸ்டார்கிராஸுக்கும் இடையே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மணிக்கு ஒன்று என்ற கணக்கில் பயணிகள் படகு ஓடும். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம். எக்ஸ்மத்திலிருந்து வடக்கே மிதித்துப் போய், மேற்குக் கரை வழியாக இறங்கி, மாலையில் ஸ்டார்கிராஸில் படகு பிடிக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைத் தலைகீழாக்குங்கள். காலையில் எக்ஸ்மத்தில் படகேறி ஸ்டார்கிராஸில் இறங்குங்கள். அப்புறம் நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். வழியில் பஞ்சர் ஆனாலும் கிழக்குக் கரையில் ஊருக்கு ஊர் ரயில் நிலையம் இருக்கிறது. காற்றும் உங்கள் பக்கம் வரும். இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வீசும். திறந்துகிடக்கும் கால்வாய்க் கரையில் வடக்கு நோக்கிப் போகும்போது அது முதுகைத் தள்ளும். மறு திசையில் போனால் அதே 5 கி.மீ. மூச்சு வாங்க வைத்துவிடும். பலத்த காற்றடித்தால் படகு ஓடாது என்பதால் அன்று காலை ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படிப் போனால் சுற்று சுமார் 22 கி.மீ. வடக்கே எக்ஸெட்டர் நகரத்தின் துறைவரை போய்த் திரும்பினால் இன்னும் 7, 8 கி.மீ. கூடும். நிதானமாக நின்று பார்த்துப் போக 5 மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஓதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நீரேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்தக் கடற்கரையில் ஏற்றம் காலையிலும் மாலையிலும் வரும். நடுப்பகலில் வற்றம், கழிமுகம் முழுக்கச் சேற்றுத்திட்டு. அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இது மாறி, பகல் 12, 1 மணிவாக்கில் நீர் ஏறி நிற்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம் ஊரில் தள்ளிவைக்கும் நாட்கள்தான் இந்தப் பாதையில் பகல்வேளையில் தண்ணீர் பார்க்க ஏற்ற நாட்கள். ஆனால் அந்த நாட்களில் நீர் அவ்வளவு உயராது, ஓரத்துச் சேறு முழுவதும் மூழ்காது. பறவைகளை மொத்தமாகக் கரைக்குத் தள்ளுவது பௌர்ணமி, அமாவாசை ஏற்றம்தான். எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எக்ஸ்மத் ஓத அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள்.

ஸ்டார்கிராஸில் படகுத்துறை ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சாலைக்கு வர ரயில் பாதையின் மேம்பாலப் படிகளில் சைக்கிளைத் தூக்க வேண்டும். பாரம் ஏற்றிய சைக்கிளென்றால் பைகளைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். அருகிலேயே செம்மணற்கல்லில் கட்டிய கோபுரக் கட்டடம் ஒன்று நிற்கும். பொறியாளர் பிரூனெல் 1840களில் முயன்ற காற்றழுத்த ரயிலின் பம்ப் நிலையம் அது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், அதன் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவு, பிளவை மூட தோல் பட்டை. குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப் உறிஞ்ச, உள்ளே ஓடும் பிஸ்டன் ரயிலை இழுத்துச் சென்றது. என்ஜினே இல்லாத ரயில். காற்று கசியாமலிருக்கத் தோலுக்குக் கொழுப்பு பூசினார்கள். தோல் காய்ந்து, இறுகி, கிழிய, கசிவை அடைக்க முடியவில்லை. 1847 செப்டம்பரில் பயணிகளுக்கு ஓடத் தொடங்கியது, 1848 செப்டம்பரில் நின்றது. தோற்றுப்போன ஒரு யோசனையின் கட்டடத்தை இப்படி இடிக்காமல் விட்டுவைத்திருப்பது பெரிய விஷயம்.

தெற்கே 3.5 கி.மீ. போனால் டாலிஷ் வாரன். ஆற்றின் வாயை முக்கால்வாசி மறைத்து நீண்டுகிடக்கும் மணல்திட்டு. போகிற வழியில் காக்வுட் துறையைச் சுற்றிச் சாலை குறுகலாக வளையும், அங்கே கார்களுக்கு வழிவிட்டுப் போகவும். நேரம் குறைவென்றால் இந்தக் கிளையை விட்டுவிடலாம்.

வடக்கே திரும்பினால் ஒரு பக்கம் பவ்டர்ஹம் கோட்டையின் மான் தோட்டம், மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் தண்ணீர். 1391இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டை இன்றும் கோர்ட்னி குடும்பத்தின் வீடு. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவ்டர்ஹம் தேவாலயத்துக்குப் பிறகு ரயில் பாதையைக் கடந்து நீரோரத்துக்கு வந்தால் டர்ஃப் மதகு. கார் வரவே வழியில்லாத ஒரு பழைய விடுதி இங்கே இருக்கிறது. கோடையில் சாப்பிட ஏற்ற இடம். குளிர்காலத்தில் அதை நம்பி வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

டர்ஃபிலிருந்து எக்ஸெட்டர் கப்பல் கால்வாய். முதலில் 1560களில் ஜான் ட்ரூ வெட்டியது, டர்ஃப்வரை பின்னாளில் நீட்டினார்கள். பிரிட்டனின் மிகப் பழைய கால்வாய்களில் ஒன்று. பக்கத்திலேயே ஆறு ஓடும்போது கால்வாய் எதற்கு? 13ஆம் நூற்றாண்டில் டெவன் சீமாட்டி இசபெல்லா ஆற்றின் குறுக்கே அணை கட்டினார். கவுண்டஸ் வியர் என்ற பெயரே சீமாட்டியின் அணை என்பதுதான். கப்பல் போக விட்டிருந்த இடைவெளியைப் பின்னால் கோர்ட்னிகள் அடைத்துவிட்டார்கள். எக்ஸெட்டருக்குப் போக வேண்டிய சரக்கு டாப்ஷம் துறையில் இறங்கியது, வருமானம் அவர்கள் கைக்குப் போனது. நகரம் வழக்காடிப் பார்த்து, கடைசியில் ஆற்றை விட்டுவிட்டுக் கால்வாய் வெட்டிக்கொண்டது. இன்று அந்தக் கால்வாயின் கரையில்தான் மிதிக்கிறோம்.

இங்கே தரை இறுக்கிய சரளை. 25 மி.மீ. டயரிலும் போய்விடலாம், ஆனால் 32, 35 மி.மீ. இருந்தால் கை அதிராது. 35 மி.மீ. டயருக்கு 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். இலையுதிர்காலத்தில் வேலியோரச் சந்துகளில் இயந்திரம் வைத்து முள்வேலியை வெட்டுவார்கள், சிதறிய முள் தரையெங்கும் கிடக்கும். பஞ்சரானால் அவசரமாகப் புது டியூப் போட்டுவிடாதீர்கள். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் மெல்ல ஓட்டுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கேதான் முள். நகவெட்டியால் உள்பக்கமாக இழுத்து எடுத்தபின் டியூப் போடுங்கள். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் இரண்டாவது டியூபும் போய்விடும்.

கவுண்டஸ் வியரில் வாகன நெரிசல் அதிகம். ரவுண்டானாவில் கார்களோடு கலக்காமல் சிக்னல் உள்ள குறுக்குப் பாதைகளில் கடக்கவும். அங்கிருந்து டாப்ஷம்வரை ஊர்ச் சாலை, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

டாப்ஷம் வேறு உலகம். ஸ்ட்ராண்ட் தெருவில் வளைவு முகப்பு கொண்ட டச்சு பாணி வீடுகள் வரிசையாக நிற்கும். இங்கிருந்து கம்பளித் துணியை ஹாலந்துக்கு ஏற்றிப்போன கப்பல்கள், திரும்பும்போது அடிப்பாரத்துக்குச் செங்கல் ஏற்றிவந்தன. அந்தச் செங்கல்தான் இந்தச் சுவர்களில். ஊர்க்கோடியில் போலிங் கிரீன் சதுப்பு, சாலையோரத்திலேயே பறவை பார்க்கும் குடில். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் இதற்கு நேரம். சேற்றில் மேய்ந்த பறவைகள் நீர் ஏற ஏற இங்கே வந்து ஒதுங்கும். கருவால் மூக்கன், பெரிய கோட்டான், நாமத்தலை வாத்து என்று கோடியக்கரையில் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரிந்த முகங்களே பல. கோணமூக்கு உள்ளான்கள் இங்கே குளிர்காலம் கழிக்கின்றன. மேல்நோக்கி வளைந்த அலகைச் சேற்று நீரில் இடமும் வலமும் அரிவாள் வீசுவதுபோல் வீசி இரை தேடும். பத்து பறவைகள் வரிசையாக நடந்தபடி இதைச் செய்வதைப் பார்த்தால் நகரவே மனம் வராது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை, படகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இரண்டும் சேரும் மாதம் அக்டோபர் ஒன்றுதான். மற்றக் குளிர்மாதங்களில் படகுக்குப் பதில் ரயில். எக்ஸ்மத்திலிருந்து எக்ஸெட்டர் போய், அங்கே ரயில் மாறி ஸ்டார்கிராஸில் இறங்கலாம். பெட்டியில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு, நெரிசல் நேரத்தைத் தவிர்க்கவும். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாமல் கிளம்ப வேண்டாம்.

டாப்ஷமைத் தாண்டிக் கிளிஸ்ட் ஆற்றுப் பாலம், பிறகு எக்ஸ்டன்வரை ரயில் பாதையை ஒட்டிச் சதுப்பின் மேல் போகும் மரப்பலகைப் பாதை. நாணல், சேறு, வானம், வேறொன்றும் இல்லை. பாதையிலேயே அழகான இடம் இது, வழுக்கும் இடமும் இதுதான். ஈரமான பலகையில் முன் பிரேக்கை அழுத்தாதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடப்பவர்கள் அதிகம், மணி அடித்துவிட்டுத் தாண்டுங்கள்.

லிம்ப்ஸ்டனில் பாதை ஊருக்குள் நுழைந்து சிறு ஏற்ற இறக்கங்களோடு போகும். துறையில் 1885இல் ஒருவர் மறைந்த மனைவியின் நினைவாகக் கட்டிய செங்கல் மணிக்கூண்டு நிற்கிறது. வற்றத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்துகிடக்கும். படம் எடுக்கச் சேற்றில் இறங்காதீர்கள், முழங்கால்வரை இழுத்துவிடும். எக்ஸ்மத் நெருங்கும்போது தெம்பிருந்தால் மேட்டில் ஏறி, 1790களில் கட்டிய 16 பக்க வீடான ஆ லா ரோந்தைப் பார்க்கலாம்.

வீடு திரும்பியதும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று பட்ட செயின் ஒரே இரவில் செந்நிறம் காட்டத் தொடங்கிவிடும்.