சர்வர்ல என்வ் மாத்தினா ஃப்ரண்ட்எண்ட் ஏன் மாற மாட்டேங்குது?

டீம்ல புதுசா சேர்றவங்க பாதிப்பேர் இந்தக் கேள்வியோடதான் வர்றாங்க, "அண்ணா, சர்வர்ல என்விரான்மென்ட் வேரியபிள (ஏபிஐ முகவரி மாதிரி கோடுக்கு வெளிய வெக்கிற செட்டிங், சுருக்கமா என்வ்) மாத்திட்டேன், ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன், ஆனா ஆப் இன்னும் பழைய ஏபிஐயத்தான் கூப்பிடுது". கூப்பிடத்தான் செய்யும். நோட் சர்வர்னா ஸ்டார்ட் ஆகும்போது என்விரான்மென்ட்ட படிச்சுக்கும், சரி, ப்ரவுசர்ல அது எங்க இருக்கு? வீட் (Vite), அதாவது நம்ம கோட ப்ரவுசர்ல ஓடுற ஃபைலா கட்டித் தர்ற பில்ட் டூல், என்ன பண்ணுதுன்னா பில்ட் நேரத்துல கோடுல வீட்_ஏபிஐ_யூஆர்எல்னு வர்ற இடத்தையெல்லாம் தேடி அப்ப இருக்கிற மதிப்ப அப்படியே ஒட்டிடும், அவ்ளோதான். அதுக்கப்புறம் சர்வர்ல மாத்துறது இட்லி வெந்து இறங்கின பிறகு உப்பு போடுற கதை. சந்தேகம்னா பில்ட் போட்டுட்டு டிஸ்ட் ஃபோல்டர்ல இருக்கிற ஜேஎஸ் ஃபைல திறந்து உங்க யூஆர்எல்ல தேடுங்க, பச்சையா உக்காந்திருக்கும்.

அதே மாதிரிதான் சீக்ரெட் கீயும் உக்காந்திருக்கும்! வீட்_னு ஆரம்பிக்கிற பேர் மட்டும்தான் ப்ரவுசருக்குப் போகும்னு வெச்சதே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாதிரி எதுவும் தெரியாம வெளிய போயிடக் கூடாதுன்னுதான், இதே வேலைக்கு நெக்ஸ்ட்ல (Next.js, ரியாக்ட் ஃப்ரேம்வொர்க்) நெக்ஸ்ட்_பப்ளிக்_, பழைய க்ரியேட் ரியாக்ட் ஆப்ல ரியாக்ட்_ஆப்_. நம்மாளுங்க "அன்டிஃபைன்ட் வருது"ன்னு பேமென்ட் கீ முன்னாடி அந்த ப்ரீஃபிக்ஸ ஒட்டி "சரியாயிடுச்சு"ங்கிறாங்க. என்வ் ஃபைல கிட்இக்னோர்ல (கிட்ல சேர்க்க வேணாங்கிற ஃபைல் லிஸ்ட்) போட்டா ரெப்போவுக்குத்தான் போகாது, பண்டிலுக்கு, அதாவது பில்ட் ஆகி ப்ரவுசருக்குப் போற ஜேஎஸ் ஃபைலுக்குப் போறத அது தடுக்காது. அந்த மாதிரி கீ பேக்எண்ட்லதான் இருக்கணும்.

இந்த வேரியபிள்கள டாட் என்வ்னு ஆரம்பிக்கிற பல ஃபைல்ல எழுதி வெக்கலாம், ஒரே வேரியபிள் ரெண்டுல இருந்தா எந்த ஃபைல் ஜெயிக்கும்ங்கிறது அடுத்த தலைவலி. வீட் டூல்ல டாட் என்வ் டாட் ப்ரொடக்‌ஷன் ஃபைல் டாட் என்வ் டாட் லோக்கல ஓவர்ரைட் பண்ணும், ஆனா நெக்ஸ்ட்ல தலைகீழ், அங்க லோக்கல் ஃபைல்தான் ஜெயிக்கும், அதனால உங்க லேப்டாப்ல ப்ரொடக்‌ஷன் பில்ட் போட்டா லோக்கல்ஹோஸ்ட் யூஆர்எல் உள்ள போய் உக்காந்துடும். வீட் டூல்லயும் முழு பாதுகாப்பு இல்ல, ப்ரொடக்‌ஷன் ஃபைல்ல ஒரு வேரியபிள் விட்டுப்போச்சுன்னா லோக்கல்ல இருக்கிறத எடுத்துக்கும். ரெண்டுலயுமே ஷெல்ல ஏற்கனவே செட் பண்ணது எல்லா ஃபைலையும் அடிச்சிடும், சிஐல (பில்ட், டெஸ்ட் எல்லாம் தானா ஓடுற சர்வர்) அது ரொம்ப வசதி. ப்ரொடக்‌ஷன் பில்ட் சிஐல மட்டும்தான் ஓடணும்னு நான் அடம் பிடிக்கிறதுக்கு இதுதான் காரணம்.

ஸ்டேஜிங்குக்கு (லைவ் போறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குற இடம்) வீட் பில்ட் கமாண்ட்ல மோட் ஸ்டேஜிங்னு குடுத்தா டாட் என்வ் டாட் ஸ்டேஜிங் ஃபைல எடுத்துக்கும், ஆனா நோட்_என்வ்ங்கிற வேரியபிள் அப்பவும் ப்ரொடக்‌ஷன்தான், ரெண்டும் வேற வேற. அப்புறம் இந்த ஃபைல்ல ஃபால்ஸ்னு போட்டா வர்றது ஸ்ட்ரிங், இஃப்ல அது ட்ரூவாதான் போகும், "ட்ரூ"ங்கிற ஸ்ட்ரிங்கோட ஈக்வலான்னு கம்பேர் பண்ணிக்கோங்க.

ஒரே டாக்கர் இமேஜ (ஆப்பையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்துக் கட்டின பொட்டலம், அது ஓடும்போது பேர் கன்டெய்னர்) ஸ்டேஜிங்லயும் ப்ரொடக்‌ஷன்லயும் ஓட்டணும்னா பில்ட்ல ஒட்டுறது ஆகாது. நான் பண்றது, கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகும்போது என்வ்சப்ஸ்ட் (ஃபைல்ல வேரியபிள் பேர் வர்ற இடத்துல அதோட மதிப்பப் போடுற கமாண்ட்) வெச்சு ஒரு குட்டி கான்ஃபிக் ஜேஎஸ் ஃபைல எழுத வெச்சு, இன்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்ல மெயின் பண்டிலுக்கு முன்னாடி அத லோட் பண்ணி, விண்டோ ஆப்ஜெக்ட்ல இருந்து படிச்சுக்கிறது. என்ஜின்எக்ஸ்ல (ஃபைல்கள ப்ரவுசருக்கு அனுப்புற வெப் சர்வர்) அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் கேஷ் வேணாம்னு ஹெடர் போட்டுடுங்க, பேர்ல ஹாஷ் (உள்ள இருக்கிறது மாறினா கூடவே மாறுற எழுத்துக்கோர்வை) இல்லாததால இல்லன்னா ப்ரவுசர் பழசையே பிடிச்சு வெச்சுக்கும்.