கப்பல் வரும் தேதி

பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. வரைபடத்தில் கிரிபாத்தி என்று இருக்கும். அந்த நாட்டுக்காரர்கள் கிரிபாஸ் என்பார்கள். அவர்கள் மொழியில் மொத்தம் 13 எழுத்துதான். ஸகரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. ‘தி’ என்று எழுதியிருப்பதை ‘ஸ்’ என்று படிக்க வேண்டும். கிறிஸ்மஸ் தீவு அவர்கள் எழுத்தில் கிரிதிமதி. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அங்கே ஒரு கொள்கை எப்படி நடைமுறைக்கு வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது.

திட்டமிடல் ஆலோசகராக ஒப்பந்த வேலை. தலைநகர் இருக்கும் தாராவா தீவில், பைரிக்கி என்ற ஊரில் அலுவலகம். சென்ற மூன்றாவது மாதம் 70 பக்கத்தில் ஒரு வரைவை எழுதி முடித்தேன். வெளித்தீவுகளில் குடிநீரையும் சுகாதாரத்தையும் யார் எப்படிக் கண்காணிப்பது என்பது பற்றியது. குழுக்கள், துணைக்குழுக்கள், காலாண்டு அறிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன. என்னோடு வேலை செய்த மூத்த பெண் அதிகாரி அதை வீட்டுக்கு எடுத்துப்போய் முழுவதும் படித்துவிட்டு வந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். “நன்றாக இருக்கிறது. இதை யார் செய்வது?” என்று கேட்டார்.

தட்டிக்கழிக்கிறார் என்று அன்று நினைத்தேன். அது என் தவறு.

கிரிபாத்திக்கு 33 தீவுகள். எல்லாம் சேர்த்து நிலம் 811 சதுர கிலோமீட்டர். அவை சிதறிக் கிடக்கும் கடலோ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 1,20,000 பேர், அதில் பாதிக்கும் மேல் தெற்குத் தாராவாவின் ஒடுங்கிய மணல் துண்டில். ஆனால் ஒரு நாட்டுக்கு உள்ள வேலைகள் மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைவதில்லை. பட்ஜெட், தணிக்கை, சுங்கம், வானிலை, விமானப் போக்குவரத்து, மீன்வளம், ஐ.நா. அறிக்கைகள், காலநிலைப் பேச்சுவார்த்தை என்று எல்லாமே உண்டு. பெரிய நாட்டில் ஒரு மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்து செய்வதை இங்கே ஒரு அறையில் இரண்டு மூன்று பேர் செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் எப்போதும் ஏதோவொரு நாட்டில் கூட்டத்துக்குப் போயிருப்பார். அவரிடமிருந்த கோப்பு அவர் வரும்வரை நகராது.

அந்த அதிகாரியின் மேசைக் காலண்டரை ஒருநாள் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மாதத்தின் 22 வேலை நாட்களில் 13 நாளுக்கு நீல மையில் வட்டம். உதவி நிறுவனங்களின் குழுக்கள் வந்து போகும் நாட்கள் அவை. ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் படிவம், தனி அறிக்கை, தனிக் கெடு. ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மூன்று நிறுவனங்களுக்கு மூன்று விதமாக எழுத வேண்டும். உதவி செய்ய வந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஆனாலும் மீதி ஒன்பது நாளில்தான் அந்த அம்மா தன் நாட்டு வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ‘திறன் போதாமை’ என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். அந்த அறையில் நான் பார்த்தவர்களுக்குத் திறமையில் குறையே இல்லை. நேரத்தைத்தான் எல்லோரும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

நேரம் என்றதும் இன்னொன்று. 1995 வரை பன்னாட்டுத் தேதிக்கோடு இந்த நாட்டின் நடுவே போனது. தாராவாவில் திங்கள் என்றால் கிழக்கே லைன் தீவுகளில் ஞாயிறு. இரண்டு பக்கத்து அலுவலகங்களும் ஒன்றாகத் திறந்திருப்பது வாரத்தில் நான்கே நாள். அந்த ஆண்டு அரசு கோட்டைக் கிழக்கே தள்ளிவிட்டது. நான் படித்த நிர்வாகச் சீர்திருத்தங்களில் இதைப்போல நேராக விஷயத்தைத் தொட்டது வேறில்லை. ஆனால் தூரத்தை எந்தக் கோடும் குறைக்காது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பாதி கிரிதிமதி தீவில்தான் இருக்கிறது, அது தாராவாவிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால்.

என்னை மாற்றியது தண்ணீர்தான்.

பவளத் தீவில் ஆறு கிடையாது. மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். வேகமாக உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். தெற்குத் தாராவாவுக்குக் குழாய்த் தண்ணீர் முக்கியமாகப் பொன்ரிக்கி என்ற இடத்திலிருந்து வருகிறது. துளையிட்ட குழாய்களை நீர்மட்டத்தை ஒட்டிப் படுக்கையாகப் பதித்து, பாலின் மேல் ஆடையை எடுப்பதுபோல மெதுவாக எடுக்கிறார்கள். மேலே பன்றி வளர்த்தாலோ, சடலம் புதைத்தாலோ, குப்பை கொட்டினாலோ அது நேரே குடிநீருக்குள் போகும். அதனால் அந்த நிலத்தை அரசு நீர்க்காப்பிடமாக அறிவித்து, உரிமையாளர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கிறது. காகிதத்தில் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெளித்தீவு ஒன்றிலும் இதேபோல ஒரு காப்பிடம் வேண்டும் என்று என் வரைவில் இருந்தது. அதைச் சொல்ல நாங்கள் போனோம். மனியாபாவில் கூட்டம். மனியாபா என்பது ஊர் மண்டபம். தாழ்ந்த ஓலைக் கூரையைக் குனிந்துதான் தாண்ட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளே பரம்பரையாக ஒரு இடம் உண்டு. முதலில் உனிமானே எனப்படும் பெரியவர்கள் பேசுவார்கள். நாட்டின் நாடாளுமன்றத்துக்கே மனியாபா என்றுதான் பெயர், அங்கே எதைக் கூட்டம் என்று நினைக்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும்.

நான் 20 நிமிடம் பேசினேன், மொழிபெயர்ப்போடு 40. அப்புறம் நீண்ட மௌனம். ஒரு பெரியவர் எழுந்து எங்களை வெளியே அழைத்துப்போனார். தென்னைகளுக்கு நடுவே நீள்சதுரமாக ஒரு பள்ளம், அடியில் கறுத்த சேறு, அதில் ஆளுயர இலைகளோடு பாபாய்ச் செடிகள். சேம்பு இனம்தான், ஆனால் மிகப் பெரியது. வேர் நன்னீரைத் தொட வேண்டும் என்று அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர் அவருடைய தாத்தாவின் தகப்பனார். ஒரு இலையை மடக்கி அதன் ஓரத்தைக் காட்டினார். மஞ்சளாகக் கருகியிருந்தது. “போன வறட்சியில் உப்பு வந்தது. எந்தப் பள்ளத்தில் முதலில் வரும், எதில் கடைசியில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் கோடு போட்டிருக்கிற இடம் முதலில் உப்பாகிற இடம்” என்றார்.

வரைபடத்தைப் பார்த்து வட்டம் போட்டவன் நான். அவர் குரலில் கடிந்துகொள்ளும் தொனியே இல்லை. இன்னொருவர் கேட்டார்: பம்பு பழுதானால் யார் பார்ப்பார்கள்? உதிரிபாகம் எந்தக் கப்பலில் வரும்? அந்தத் தீவுக்குச் சரக்குக் கப்பலுக்கு நிலையான தேதியே கிடையாது. அரிசி, பெட்ரோல், பள்ளிப் புத்தகம் எல்லாம் அதை நம்பித்தான்.

கொப்பரை விஷயத்திலும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். 2016-இல் அரசு கொப்பரைக்குக் கொடுக்கும் விலையை கிலோவுக்கு 1 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 2 டாலராக உயர்த்தியது. அங்கே புழங்குவது ஆஸ்திரேலியப் பணம்தான். சந்தை விலைக்கு மேல் கொடுக்கும் மானியம் வீண் என்று வெளியிலிருந்து வந்த பொருளாதார நிபுணர்கள் சொன்னார்கள், ஆரம்பத்தில் நானும் சொன்னேன். வெளித்தீவில் ஒரு குடும்பத்தின் கைக்குக் காசு வர வேறு வழி என்ன இருக்கிறது என்று பார்த்தபின் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. தேங்காய் உடைக்கிறவருக்கு நேராகப் பணம் போகிறது, புதிய அலுவலகம் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே வரும் கப்பலே மூட்டையை ஏற்றிக்கொள்ளும். இருக்கிற ஆட்களை வைத்தே நடத்தக்கூடிய நலத்திட்டம் அது. செலவு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். அரசின் வருமானத்தில் பெரும்பகுதி, தன் கடலில் மீன்பிடிக்க வெளிநாட்டுப் படகுகளுக்கு நாள் கணக்கில் விற்கும் அனுமதியிலிருந்து வருகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் சூரை மீன் கூட்டம் இவர்கள் பக்கம் வரும், பிறகு நகர்ந்துவிடும். மீனோடு சேர்ந்து பட்ஜெட்டும் ஏறி இறங்கும். 1956-இல் பாஸ்பேட் வருமானத்தில் தொடங்கிய சேமநிதி ஒன்று இருப்பதால்தான் கெட்ட ஆண்டுகளைத் தாண்ட முடிகிறது. சுரங்கம் 1979-இல், சுதந்திரம் வந்த அதே ஆண்டில், மூடப்பட்டது. நிதி இன்னும் இருக்கிறது.

தாராவா திரும்பியதும் வரைவைக் கிழித்து எழுதினேன். ஒன்பது பக்கம். துணைக்குழுக்கள் எதுவும் இல்லை. எந்தப் பள்ளத்தில் முதலில் உப்பு ஏறுகிறது என்பதைத் தீவு மன்றத்தின் எழுத்தர் மாதம் ஒருமுறை ரேடியோவில் சொன்னால் போதும் என்று வைத்தோம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, எந்தப் பதவியில் இருப்பவர் செய்வார், அவருக்கு மாதத்தில் எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒரு பத்தி. ஆள் கிடைக்காத வேலைகளை அடித்துவிட்டோம். அவற்றில் நான் மிகவும் விரும்பிய இரண்டும் போயின.

அந்த அதிகாரி அதையும் வீட்டுக்கு எடுத்துப்போய் வந்தார். இந்த முறை பென்சில் குறிப்பு ஒரே இடத்தில்தான், பம்புக்கான உதிரிபாகம் என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில். “சரி” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து, அடுத்த கப்பல் என்றைக்கு என்று துறைமுகத்தில் விசாரித்தார்.