கடல் பக்க விளக்கை அணைத்துவிடுங்கள்

தைக் குளிரோடு சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரத் தொடங்கிவிடும். செய்திகளில் ஆலிவ் ரிட்லி என்று படிப்பீர்களே, அவைதான். ஒரு குழியில் சுமார் 100 முட்டை இருக்கும். மணலை மூடிவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். நம் மாடி விளக்கு எரிந்தால் ரோட்டுக்கே வந்துவிடும், பாவம்.

கடலோரம் குடியிருக்கும் நண்பர்களே, மே வரை இரவில் கடல் பக்க விளக்குகளை அணைத்துவிடுங்கள். அப்புறம், முட்டையிடும் ஆமையைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள், ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.