பார்வை லட்சம், பார்சல் நாலு

2025 ஜூன் 14, சனி

எங்கள் கடலைமிட்டாய்க் கடைக்காக இன்ஸ்டாகிராமில் நான் போட்ட, பாகில் கடலையைக் கொட்டிக் கிண்டும் ரீல் லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டது. தம்பி காலையிலிருந்து எண்ணிக்கையை வாசித்துக்கொண்டே இருக்கிறான். அப்பா கல்லாவிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை கிலோ போச்சு?"

நாலு பார்சல். அதில் ஒன்று மதுரையில் இருக்கும் சித்திக்கு.

மதியம் கடை ஓய்ந்த நேரத்தில், யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸைத் திறந்து பார்த்தேன். பார்த்தவர்களில் நம்மைப் பின்தொடர்பவர்கள் சொற்பம். ஊர்ப் பட்டியலில் பாட்னா, இந்தூர், லக்னோ. தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட மேலே வரவில்லை. காரணமும் தெரிந்தது. அந்த ரீலில் பேச்சே கிடையாது, கரண்டிச் சத்தமும் ஆவியும்தான். யார் பார்த்தாலும் புரியும் என்பதால் யாரிடம் வேண்டுமானாலும் இன்ஸ்டாகிராம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. பாட்னாக்காரர் கையுறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவருக்குக் கோவில்பட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இனி எல்லா ரீலிலும் தமிழ்ப் பேச்சு. அதுவும் நம் ஊர்ப் பேச்சு.

சினிமாப் பாட்டு போடலாம் என்றான் தம்பி. நம்முடையது பிசினஸ் கணக்கு, புதுப் பாட்டுகள் பெரும்பாலும் அதில் வராது, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் இலவசமாகத் தரும் இசைதான். தனிக் கணக்காக மாற்றிக்கொள்ளலாமே என்றான். அப்படிச் செய்தாலும் கடை விளம்பரத்துக்கு அடுத்தவர் பாட்டு என்றால் என்றைக்காவது சத்தத்தை அணைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றேன். சொந்தச் சரக்கு இருக்கிறதே.

பாகு போடும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "இதப் போயா எடுக்குற தாயி?" என்று கூச்சப்பட்டார். ஆனால் வெல்லம் நுரைத்துப் பொங்கி அடங்கியதும் என்னை மறந்துவிட்டார். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். அது அடியில் போய் உருண்டு நின்றது. எடுத்துக் கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டு. டங். "இந்தச் சத்தம் கேக்கணும். இல்லேன்னா மிட்டாய் பல்லுல ஒட்டும்." அடுத்த நொடி கடலை உள்ளே. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வழியில்லை, பாகு நிற்காது. கை ஆடியபடி வந்த படத்தையே போட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

"டங்" ரீலுக்குப் பார்வை பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அடுத்தவருக்கு அனுப்பிய எண்ணிக்கை பழைய ரீலைவிட அதிகம். அத்தைக்கு, மதினிக்கு, ஹாஸ்டல் தோழிக்கு என்று அனுப்பியிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி இந்த ஜனவரியில் சொன்னது இதுதான்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், இந்த மூன்றும்தான் முக்கியம். அதிலும் புது ஆட்களிடம் போய்ச் சேர அனுப்புவதற்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல்.

ஒரு ரீலைப் பார்த்ததும் யாருக்காவது அனுப்பத் தோன்ற வேண்டும். ஊர் நினைப்பு வந்தவர்கள் அனுப்புகிறார்கள். பெங்களூரிலிருந்து ஒரு அக்கா, "தேங்காய்ப்பூ கலர் கலரா மேல தூவுவீங்களே, அது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. இரண்டு கிலோ.

ஜூன் 27, வெள்ளி

நம்மை எங்கே பார்த்துவிட்டு வந்தாலும், ஆர்டர் வந்து முடிவது வாட்ஸ்அப்பில்தான். எனவே இன்று முழுக்க அந்த வேலை.

அப்பாவின் நீளநோட்டில் வருஷக்கணக்காகச் சேர்ந்த வாடிக்கையாளர் எண்கள் இருக்கின்றன. அத்தனை பேருக்கும் ஒரேயடியாக அனுப்பலாம் என்பது அவர் கணக்கு. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதைவிடப் பெரிய சங்கதி, நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் எண் பதிந்திருக்க வேண்டும். நாம் அவர்களைச் சேர்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை, அவர்கள் நம்மைச் சேர்க்க வேண்டும்.

அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் திணறியபோது அவரே சொன்னார்: "சிவகாசியில அடிச்சு வருசாவருசம் காலண்டர் குடுக்கோம்ல, வாங்கிட்டுப் போயி ஆணியில மாட்டுனாத்தானே தெனமும் நம்ம பேரப் பாப்பான். அதானே?" அதேதான். சமூக ஊடகப் பயிற்சி என்று காசு வாங்குகிறவர்கள் யாரும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் துண்டுச்சீட்டு வைக்கப்போகிறோம்: "இந்த எண்ணை 'கோவில்பட்டி மிட்டாய்' என்று பதிந்துகொள்ளுங்கள். புதுச் சரக்கு போடும் அன்று மட்டும் சொல்கிறோம்." அந்த "மட்டும்" அப்பா சேர்த்தது. காலை வணக்கப் படம் அனுப்பினால் ஒரே வாரத்தில் பிளாக் செய்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம், அவரே பலரைச் செய்திருக்கிறார்.

ஜூலை 3, வியாழன்

சென்னையிலிருந்து உணவு ரீல் போடும் ஒருவர் பேசினார். ஒரு வீடியோவுக்கு அவர் கேட்ட தொகையில் இரண்டு மூட்டை கடலை வாங்கலாம். பணம் இல்லையென்றால் ஐந்து கிலோ மிட்டாய் அனுப்புங்கள், "விளம்பரம்" என்று போடாமல் இயல்பாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை போட்ட வழிகாட்டுதலில், பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள் வாங்கினாலும் அதைத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. சொல்லிப் போட்டால் சரி என்றேன். அப்புறம் பதில் இல்லை.

ஜூலை 9, புதன்

கொச்சி பார்சல் மழையில் நனைந்து, மிட்டாயெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கிறது. வாங்கியவர் கமெண்டிலேயே படத்தோடு போட்டுவிட்டார். கூரியர் கிடங்கில் திறந்த வெளியில் வைத்திருக்கிறார்கள். அழித்துவிடு என்றான் தம்பி. அழிக்கவில்லை. அதே இடத்தில், வேறு பெட்டி இன்று கிளம்புகிறது என்று பதில் போட்டேன். மாலையில் வேறு இருவர் மழைக்காலத்தில் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். நாளைக்கு ரீல் கிடைத்தது.

ஜூலை 18, வெள்ளி

"வேற ஊர்ல செஞ்சா கடலைமிட்டாய் ஆகாதா?" என்று ஒருவர் வம்புக்கு இழுத்தார். தாராளமாக ஆகும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகாது. 2020 ஏப்ரல் 30 அன்று கிடைத்த புவிசார் குறியீடு நம் கோவில்பட்டி வட்டாரத்துக்கு உரியது. கரிசல் காட்டுக் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்லும் சேர்க்கையை வரிசையாக எழுதினேன். என் பதிலுக்குக் கீழே ஊர்க்காரர்கள் திரண்டுவிட்டார்கள். தீப்பெட்டி, ஹாக்கி என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் காசு கொடுத்துப் பூஸ்ட் செய்த எந்தப் பதிவும் இப்படி ஓடியதில்லை. கமெண்டை ஒதுக்குபவர்கள் நல்ல சரக்கைக் குப்பையில் போடுகிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

வாட்ஸ்அப்பில் முதல் லிஸ்ட் நிரம்பி, இரண்டாவது தொடங்கியிருக்கிறது. யார் எங்கே பார்த்து வந்தார் என்று ஆர்டரின்போதே கேட்டு நோட்டில் குறித்து வருகிறேன். அதிகம் பேர் "அக்கா அனுப்புனாங்க", "ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தார்" வகை. அடுத்து கூகுள் மேப். இதை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கர சாலையில் வருகிறவர்கள் வண்டியில் இருந்தபடியே தேடி, பைபாஸிலிருந்து இறங்கி ஊருக்குள் வருகிறார்கள். எனவே இன்று ரீல் எதுவும் எடுக்கவில்லை. கடை வாசல், வண்டி நிறுத்தும் இடம், விலைப்பலகை, எல்லாவற்றையும் படம் பிடித்து மேப்பில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மூடும் நேரத்தையும் திருத்தினேன், இரவு ஒன்பது.

தீபாவளி அக்டோபர் 20. கூரியருக்குக் கடைசி நாள் எது என்பதை இப்போதே அண்ணாச்சியோடும் அப்பாவோடும் பேசி முடிவு செய்தாக வேண்டும். செப்டம்பர் பிறந்ததும் லிஸ்டில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் இன்ஸ்டாகிராமில் போடப்போகிறேன். தம்பிக்கு இதில் உடன்பாடு இல்லை.