டின் ப்ளக் தின்ற மூன்று வாரம்

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் பாட்டு வந்துவிட்டது. டேக் போர்டு (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுவது) வேலை அரை மணி நேரம்தான். அதிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் முக்கால் மீட்டர் ஒயருக்கு மூன்று வாரம்.

ஆம்ப் அப்பாவுடையது. எண்பதுகளில் மதுரையில் ஒருவர் கையால் அசெம்பிள் செய்து கொடுத்தது. தேக்குப் பெட்டி, அவுட்புட்டில் நான்கு 2என்3055 டிரான்சிஸ்டர், இன்றைக்கும் சுத்தமான சத்தம். பின்னால் இன்றைக்கு எல்லாவற்றிலும் இருக்கும் ஒற்றை பின் ஆர்சிஏ சாக்கெட் கிடையாது. பழைய ஆடியோ கருவிகளில் வரும் வட்டமான ஐந்து பின் டின் சாக்கெட் மூன்று வரிசையாக இருக்கின்றன. எழுத்தெல்லாம் அழிந்து, எது டேப், எது ட்யூனர், எது போனோ (ரெக்கார்ட் ப்ளேயருக்கானது) என்று தெரியாது.

டேக் பக்கம் எல்லோரும் வாங்கும் அதே ஊதா நிற பிசிஎம்5102ஏ போர்டு, அதை ஓட்ட பழைய ராஸ்பெரி பை 3 குட்டிக் கம்ப்யூட்டர். எஸ்சிகே பேடைக் கிரவுண்டோடு சேர்ப்பது, பின்பக்கத்து நான்கு ஜம்பர், ஹைஃபைபெரி-டேக் ஓவர்லே என்று இந்த போர்டுக்கு வழக்கமான அமைப்பு வேலைகள்தான். ஹெட்போனில் முதல் தடவையே பாடியது. அந்தத் திமிரில்தான் மாட்டிக்கொண்டேன்.

டின் ப்ளக் தேடி அலைய சோம்பல்பட்டு, வாத்தியக் கடையில் ஒரு மிடி கேபிள் (எலக்ட்ரானிக் வாத்தியங்களை இணைப்பது) வாங்கினேன். அதே ஐந்து பின், அதே வடிவம், சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு முனையை வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு ஒயர், சுற்றிலும் ஷீல்டு. ஆஹா, லெஃப்ட், ரைட், கிரவுண்டு, கணக்கு சரி என்று மூன்றரை மில்லிமீட்டர் ப்ளக்கில் பற்றவைத்துவிட்டேன். முதல் சாக்கெட்டில் செருகியதும் பஸ் இன்ஜின் மாதிரி ஓர் உறுமல். அது போனோ. சில மில்லிவோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் டேக்கின் 2.1 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொட்டினால் உறுமாமல் என்ன செய்யும்? அடுத்த சாக்கெட்டில் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. வலது பக்கம் ஊமை.

மல்டிமீட்டரை எடுத்து பீப் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மிடிக்கு வேண்டியது 4, 5 பின்களும் ஷீல்டுக்கு 2-ம்தான். 1, 3 இரண்டிலும் ஒயரே இல்லை. ஆம்ப்புக்கு உள்ளே போக வேண்டியதோ 3-லும் (லெஃப்ட்) 5-லும் (ரைட்). 1-ம் 4-ம் ரெக்கார்டிங்குக்கு வெளியே வரும் பின்கள். கேபிளுக்குக் கொடுத்த காசு போச்சு.

சரி, ப்ளக்கே வாங்குவோம் என்று சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நான்கு கடையில் "அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க" என்றார்கள். ஐந்தாவது கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த டப்பாவிலிருந்து மெட்டல் ஷெல் ப்ளக் ஆறு எடுத்துக் கொடுத்தார். இரண்டு போதும் என்றேன். "ஆறும் எடுத்துக்குங்க தம்பி, தேவைப்படும்" என்றார். அனுபவஸ்தர்.

இனிமேல்தான் கதை. டின் ப்ளக்கில் பின் எண் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக வராது. அரைவட்டத்தில் 1, 4, 2, 5, 3 என்று வரும். ஏற்கெனவே மூன்று பின் இருந்த ப்ளக்கில், ஸ்டீரியோ வந்ததும் நடுவில் இரண்டைச் செருகியதால் வந்த வினை. பின் எண் படத்தில் இருப்பது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று கவனிக்காமல் பற்றவைத்தேன். ஈயம் வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். 3 இருக்க வேண்டிய இடத்தில் 1, 5-க்குப் பதில் 4. இரண்டு சேனலும் ரெக்கார்டிங் பின்னில் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு முனகல்கூட இல்லை.

இரண்டாவது ப்ளக்கில் பின் சரி, சூடு அதிகம். பின்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வெண்ணெய் மாதிரி உருகி, 5-ம் பின் சாய்ந்துவிட்டது. மூன்றாவது, வைத்ததிலேயே அழகான ஈயம். ஆனால் ப்ளக்கை மூடும் ஷெல்லை முன்கூட்டியே ஒயரில் கோக்க மறந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடந்திருக்கும்.

நான்காவதுக்கு முன் ஒரு உபாயம் செய்தேன். ப்ளக்கை உதிரியாகக் கிடந்த ஒரு டின் சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தேன். பிளாஸ்டிக் இளகினாலும் சாக்கெட் பின்களை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஒயருக்கும் பின்னுக்கும் தனித்தனியே முன்கூட்டி ஈயம் பூசிவிட்டு, சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காமல் எடுத்துவிட வேண்டும். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த இரண்டாவது ப்ளக்காவது தப்பியிருக்கும்.

சத்தம் வந்தது, கூடவே அடுத்த தலைவலியும். வால்யூமைக் கொஞ்சம் தொட்டாலே வீடு அதிர்ந்தது. குமிழின் அடிமட்டத்தில், அதற்குள் இருக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு தட்டும் ஒன்றுபோல ஓடாது, ஒரு பக்கம் தூக்கலாகக் கேட்கும். இந்த சாக்கெட்டுக்கு 200 மில்லிவோல்ட் போதும். சேனலுக்கு ஒரு 10கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் வரிசையில், ஒரு 1கே கிரவுண்டுக்கு. 2.1-ஐ 11-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.19 வோல்ட். இப்போது குமிழ் பாதி வரை நிம்மதியாகச் சுற்றுகிறது. ராஸ்பெரி பையிலேயே சத்தத்தைக் குறைக்கலாமே என்று நண்பர் கேட்டார். 20 டெசிபலை அங்கே குறைத்தால் பாட்டின் துல்லியத்தில் மூன்று பிட்டுக்கு மேல் போய்விடும். நான்கு ரெசிஸ்டருக்கு ஐந்து ரூபாய் செலவழிக்காமல் அதை எதற்கு இழக்க வேண்டும்?

இன்னும் பெட்டி போடவில்லை. எவர்சில்வர் சம்படம் ஒன்றின் மேல் கண் வைத்திருக்கிறேன், அம்மாவிடம் கேட்க வேண்டும். ராஸ்பெரி பை மெமரி கார்டைப் படிக்கும்போது ட்வீட்டரில் லேசாக ஒரு கிரகிரப்பு வருகிறது. டேக்குக்கு மட்டும் 7805 (ஐந்து வோல்ட் ரெகுலேட்டர்) வைத்துத் தனி சப்ளை கொடுத்துப் பார்க்கப் போகிறேன். டிரான்ஸ்பார்மர் வாங்கியாகிவிட்டது, மற்றதை இன்னும் தொடவில்லை.

அப்புறம் ஒன்று. கடைசியாக சேனல் டெஸ்ட் ஓடவிட்டேன். "ஃப்ரண்ட் லெஃப்ட்" என்று அந்தப் பெண் குரல் வலது ஸ்பீக்கரிலிருந்து சொல்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "ஆம்ப் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ ப்ளக்குல மாத்திக் குடுத்திருப்ப" என்றார். மறுபடி பீப் வைத்துப் பார்த்தேன். 3-ல் லெஃப்ட், 5-ல் ரைட், அட்சரம் பிசகவில்லை. அப்போதுதான் மிடி கேபிள் ஞாபகத்துக்கு வந்தது. அன்று ஒயர் இருந்தது 5-ல், அதாவது ரைட்டில். பாடியதோ இடது ஸ்பீக்கர். உள்ளே ஒயர் மாறியே கிடக்கிறது, அப்பா நாற்பது வருஷமாக இடதை வலதாகக் கேட்டிருக்கிறார்.

தேக்குப் பெட்டியின் மூடியில் எட்டு ஸ்க்ரூ. அப்பா ஊருக்குப் போகும் வாரத்தில் கழற்றிப் பார்க்கலாம். அந்த ப்ளக்கை மட்டும் இனி தொடுவதாக இல்லை.