அவிழ்ப்பதற்காகப் போடும் முடிச்சு

அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை ஒன்றைச் சென்ற மாதம் சதுரம் சதுரமாக வெட்டி, மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் ஓரம் அடித்து வாங்கி வந்தேன். ஜப்பானியர்கள் ஃபுரோஷிகி என்று அழைக்கும் பொதிதுணிக்காகவே இந்த ஏற்பாடு. பரிசுப் பொருளைப் பளபளப்புத் தாளில் சுற்றி ஒட்டாமல், ஒரு துணியின் நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து கொடுப்பதும், அதே துணியைப் பல ஆண்டுகள் பயன்படுத்துவதும் அவர்களுடைய நெடுநாள் வழக்கம்.

'ஃபுரோ' என்றால் குளியல். 'ஷிகி' என்பது விரிப்பைக் குறிக்கும். பொதுக் குளியல் கூடங்களுக்குச் சென்றவர்கள் கழற்றிய உடைகளை இத்துணியில் முடிந்து வைக்கவும், அதையே தரையில் விரித்து அதன்மேல் நின்று உடை மாற்றவும் பயன்படுத்தியதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். பொதியும் வழக்கமோ பெயரைவிடப் பழையது: நாரா நகரில் தோதாய்ஜி கோயிலை ஒட்டிய ஷோசோஇன் கருவூலத்தில், எட்டாம் நூற்றாண்டிலேயே பொருள்களைத் துணியில் பொதிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் பெருகியபோது இவ்வழக்கம் தேய்ந்தது. 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையால் ஆன துணி ஒன்றை 'மொத்தாய்நாய் ஃபுரோஷிகி' என்ற பெயரில் முன்வைத்தார். நல்ல பொருள் ஒன்று வீணாகும்போது எங்கள் ஆயா "ஐயோ, பாழாப் போகுதே" என்று பதறுவார். ஏறக்குறைய அந்தப் பதைப்புதான் மொத்தாய்நாய்.

அளவில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. அங்கே பரவலாகப் புழங்கும் துணிகளில் ஒன்று சுமார் 45 சென்டிமீட்டர் சதுரம். மற்றொன்று சுமார் 70. அம்மாவின் சேலை 115 சென்டிமீட்டர் அகலம். ஆகவே இரண்டும் ஒரே அகலத்தில் மிச்சமின்றி அடங்கிவிட்டன. ஓரம் மடித்துத் தைக்கையில் ஓரிரு சென்டிமீட்டர் குறையும், அதனால் குறையில்லை. நைந்த இடங்களை ஒதுக்கிய பின்னும் பெரியவை நான்கும் சிறியவை ஆறும் தேறின. பொதியப்படும் பொருள் துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் முடிச்சுக்குப் போதிய நீளம் கிடைக்கும். புதுத் துணியானால், கஞ்சி போக ஒருமுறை அலசிவிடுவது நல்லது. விறைத்த துணியில் முடிச்சு பிடிக்காது.

அந்த முடிச்சைத்தான் நான் முதலில் தவறாகப் போட்டேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சித்தியின் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைப் பொதிந்து எடுத்துச் சென்றபோது, பேருந்தில் முடிச்சு நழுவி, ஜாடி மூடியின் விளிம்பு உடைந்துவிட்டது. வீடு திரும்பியதும் துணியை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். ஜப்பானியர்கள் 'மா முசுபி' என்று சொல்லும் முடிச்சில், முதல் முறை மேலே வந்த நுனியே இரண்டாம் முறையும் மேலே வர வேண்டும். அப்படிப் போட்டால் முடிச்சிலிருந்து நீளும் இரண்டு நுனிகளும், அதாவது காதுகளும், பொதியின்மேல் படுத்துக்கொள்ளும். மாற்றிப் போட்டால் அவை குறுக்கே விறைத்து நிற்கும், பாரம் தாங்காமல் நழுவும். சரியான முடிச்சின் அருமை அவிழ்க்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு காதையும், அது கிளம்பும் பக்கத்துத் துணியையும் பிடித்து எதிரெதிராக இழுத்தால் அந்த நுனி நேராக நிமிர்ந்துவிடும். மற்ற நுனி அதன்மேல் வெறும் வளையமாகச் சுற்றி நிற்கும். அதை விரலால் பற்றி உருவினால் முடிச்சு முழுவதும் கழன்று வரும். நகத்தால் பிராண்டவும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம்.

நமக்கும் முடிச்சு புதிதன்று. திருவந்திபுரம் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட காசை ஆயா மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பார். வயலுக்குப் போகும் சோறும் துணியில்தான் போகும். ஆனால் அவையெல்லாம் பத்திரத்துக்காகப் போட்டவை; ஒருவரிடம் நீட்டிக் கொடுப்பதற்காக முடிவதை நான் ஃபுரோஷிகியில்தான் கற்றுக்கொண்டேன்.

ஜப்பானிய முறையில், பரிசு கொண்டு செல்பவரே, பெறுபவர் வீட்டில் துணியை அவிழ்த்து, பொருளை இரு கைகளாலும் கொடுத்துவிட்டு, துணியை மடித்துத் தம்மோடு எடுத்துச் செல்வது மரபு. இன்று துணியையும் பரிசோடு சேர்த்துக் கொடுப்பவர்கள் அங்கேயே உண்டு. எனக்கு விட்டுவிட்டு வருவதே பிடித்திருக்கிறது. ஏனெனில் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் இது. பொங்கலுக்குச் சித்திக்குப் பெரிய துணி ஒன்றில் பரங்கிக்காய் கட்டிக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் துணி துவைத்து, உள்ளே இரண்டு பிடி முந்திரிப்பருப்போடு திரும்பி வந்தது. காதுகள் இரண்டும் குறுக்கே விறைத்து நின்றன. அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. அடுத்த முறை முத்தியால்பேட்டைக்குப் போகும்போது சித்திக்கு முடிச்சைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.