காலியாக விட்டால் சைபர் ஆகாது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வெட்டர் ஆற்றில் சால்மன் பிடிக்க வருபவர்களையும் அவர்கள் பிடித்த மீனையும் கணக்கெடுக்கும் வேலை போன இலையுதிர் காலத்தில் எனக்குக் கிடைத்தது. விண்ணப்பம், நேர்காணல், ஒரு நாள் பயிற்சி எல்லாம் மளமளவென்று முடிந்தன. மூன்றாவது வாரம்தான் மாட்டிக்கொண்டேன்.

எந்த நாள், எந்த வேளை, எந்தக் கரை என்பதை முன்பே குலுக்கல் போட்டு எடுத்துவைத்திருப்பார்கள். மழை, வெள்ளம் என்று சொல்லி மாற்ற முடியாது. அன்றைக்கு விடிகாலை ஷிப்ட். இரவெல்லாம் பெய்த மழையில் ஆறு பால் விட்ட டீ நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. கரையில் ஒரு தூண்டில்காரர்கூட இல்லை. இரண்டு மணி நேரம் காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ண ஆளே இல்லை, நமக்கென்ன வேலை என்று தாளைக் காலியாகவே மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்கு நாளில் தாள் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் போனில் பிடித்துக்கொண்டார். "ஆள் இல்லையா, இல்ல நீங்க போகவே இல்லையா? இதுல எதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. மொத்த மீன் கணக்கை அவர்கள் போடும் விதம் இதுதான்: ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை மீன் மாட்டியது என்று பார்த்து, எல்லாரும் ஆற்றில் நின்ற மொத்த மணி நேரத்தால் பெருக்குவார்கள். ஆளே வராத நாளுக்குச் சைபர் போட்டால் அந்த மொத்த நேரம் குறையும். காலியாக விட்டால் அந்த நாளே கணக்கிலிருந்து விழுந்து, மற்ற நாட்களின் சராசரி அதற்கும் சேர்ந்துவிடும். பிடிக்காத மீனெல்லாம் பிடித்ததாக ஏறிவிடும். சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் இதைப் பயிற்சியில் ஒரு வரி சொல்லியிருக்கலாமே? நீல நிற அங்கியை எப்படி மடிப்பது என்று அரை மணி நேரம் சொன்னார்கள்.

அதன் பிறகு பழைய தாள்களைப் புரட்டினால் இன்னொரு கோளாறு. மீன் கிடைத்தவர் தானே கூப்பிட்டுக் காட்டுவார். வெறுங்கையோடு நிற்பவரோ, "எனக்கு ஒண்ணும் மாட்டல, அந்த ஆளைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார். நானும் அப்படியே அந்த ஆளிடம் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்: வெறுங்கைக்காரரை விடாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மீனைத் திரும்ப விட்டார் என்பதும் வேண்டும்.

"நீ ஆபீசரா?" என்று கேட்பதற்குள், அபராதம் போடுகிற ஆள் நான் இல்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். புதருக்குப் பின்னால் இருக்கும் பை தானாக வெளியே வரும்.

ஆள் வாயால் சொன்னதை எழுதாதீர்கள், மீன் வாயைத் திறந்து பாருங்கள். அபட்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் "மூணும் கோஹோ" என்று அடித்துச் சொன்னார். கோஹோ என்பது சால்மனில் ஒரு வகை. மூன்றாவதின் கீழ்த்தாடையை விரலால் இழுத்துப் பார்த்தேன். பல் முளைத்த ஈறு கரிபோல் கறுத்திருந்தது. கோஹோவுக்கு அந்த இடம் வெளுத்திருக்கும். வாலைப் பார்த்தால் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டிலும் புள்ளி. சின்ன சினூக், சால்மனில் வேறொரு வகை! பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்கு அந்த சீசனில் கிடைத்த ஒரே கைதட்டல் அவருடைய மகனுடையது.

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் குட்டித் துடுப்பையும் தடவிப் பாருங்கள். குஞ்சுப் பண்ணையில் வளர்ந்த கோஹோவுக்கு அதைச் சிறிசிலேயே வெட்டியிருப்பார்கள், ஆறிய தழும்பு வழவழப்பாகத் தட்டுப்படும். அப்படிப்பட்ட மீனின் தலையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே 1.1 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கம்பித் துணுக்கு இருக்கலாம். எந்தப் பண்ணை, எந்த வருடம் என்று அதிலிருந்து தெரியும். ஆனால் தலையைக் கேட்டால் பாதிப் பேர் முறைப்பார்கள். குழம்புக்குத் தலைதானே ருசி, நானே கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

அளப்பது மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரை, வால் நுனி வரை அல்ல. பேனா வேண்டாம், பென்சில். நனையாத தாளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சாதாரணத் தாளைக் கொடுத்து ஒரு நாள் கணக்கு முழுக்கக் கூழாகிவிட்டது.

வெள்ளத்தன்று நான் பாதியில் திரும்பியதால் அந்த ஷிப்டின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அது நியாயம். பெட்ரோல் காசையும் பிடித்தார்களே, அதற்கு மூன்று முறை மெயில் போட்டாகிவிட்டது.